பட்டாளத்திலிருந்து திரும்பும் பிள்ளைக்கு பயோடேட்டா எழுதுவது எப்படி?



ராணுவத்துல, கடற்படையில சேர என்ன வழி என்று கேட்கிற தாய்மார்கள் நிறைய உண்டு. திரும்பி வந்த பிறகு என்ன வேலை என்று கேட்பவர்கள் குறைவு.

இப்போது அந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. 2022-ல் அறிவித்த அக்னிபாத் திட்டப்படி அக்னிவீரருக்கு நான்கு வருஷம்தான் வேலை. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரை தொடரலாம். மற்றவர்கள் சேவா நிதி என்ற சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும். பென்ஷன் கிடையாது. 2022 கடைசியில் சேர்ந்த கடற்படை முதல் அணிக்கு 2026 கடைசியில் தவணை முடிகிறது. அந்த அணியில் பெண்களும் இருக்கிறார்கள். எனவே இது மகனுக்கு மட்டும் சொல்வதல்ல.

பயோடேட்டா என்பது ஒரு தாள், மிஞ்சினால் இரண்டு. அதைப் படிக்கிற கம்பெனி அதிகாரிக்குப் பட்டாளத்துப் பாஷை தெரியாது. ரெஜிமென்ட் பெயரும் நம்பரும் வருஷமும் மட்டும் இருந்தால், "செக்யூரிட்டி வேலைக்கு வரச் சொல்லுங்க" என்று முடித்துவிடுவார். செக்யூரிட்டி வேலை கேவலமில்லை. ஆனால் டீசல் இன்ஜின் பழுது பார்க்கத் தெரிந்தவன் கேட்டில் உட்கார்ந்தால் யாருக்கு நஷ்டம்?

நம்ம குழுக் கணக்கை நினைச்சுப் பாருங்க. "கடன் கொடுத்தோம்" என்று மட்டும் எழுதினால் வங்கி மேலாளர் ஒத்துக்கொள்வாரா? எத்தனை பேருக்கு, எவ்வளவு, எத்தனை தவணை பாக்கி என்று கேட்பார். பயோடேட்டாவும் அப்படித்தான்.

பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தினமும் என்னப்பா வேலை செஞ்சே?" என்று கேளுங்கள். "ஸ்டோர்ல இருந்தேம்மா" என்பான். அதோடு விடாதீங்க. எத்தனை பேருக்கான சாமான்? இருப்புப் பதிவேடு எழுதினது யார்? கம்ப்யூட்டரிலா, கையிலா? எல்லாம் கேட்டால், "ஸ்டோர் கீப்பர் - 100 பேருக்கான சாமான்களின் வரவு, செலவு, இருப்பைக் கம்ப்யூட்டரில் பதிந்தேன்" என்று ஒரு வரி கிடைக்கும். "கப்பல்ல வாட்ச் பார்த்தேன்" என்றால், "இயந்திர அறையில் முறை வைத்து மீட்டர் அளவுகளைக் குறித்தேன், கோளாறுகளைத் தெரிவித்தேன்" என்று எழுதலாம். நமக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுகம் இருக்கிறது. அங்கே இந்த வரிக்கு மதிப்பு உண்டு. தெரியாத வேலையைத் தெரியும் என்று எழுதக் கூடாது. நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான். வணிகக் கப்பலுக்குப் போக நினைத்தால் சி.டி.சி. புத்தகம் தனியாக எடுக்க வேண்டும்.

எந்த எல்லையில் இருந்தேன், என்ன ஆயுதம், எத்தனை பேர் காவல் என்பதை எழுதவே கூடாது. அலுவலக ரகசியச் சட்டம் வேலையை விட்டு வந்தவருக்கும் பொருந்தும்.

படிப்புப் பகுதியைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். பத்தாவது படித்துவிட்டுச் சேர்ந்த அக்னிவீரர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாவது சான்றிதழ் பெற ஏற்பாடு உண்டு. இக்னோ பல்கலைக்கழகத்தில் பட்டமும் படிக்கலாம். அதற்கான மதிப்பெண்ணில் பாதி, படையில் பெற்ற பயிற்சிக்கே கிடைக்கும். பழைய முறையில் 15 வருஷம் வேலை பார்த்த பத்தாவது படித்தவரை, மத்திய அரசின் குரூப் சி வேலைகள் பலவற்றில் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பெயர். நம்மூரில் இனிஷியல், படைப் பதிவில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வேலைக்கு மனு போடும் முன்பே திருத்த வேண்டும்.

பென்ஷனோடு வந்த முன்னாள் படைவீரர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதியலாம். அக்னிவீரர்கள் தங்களுக்கு அங்கே என்ன உண்டு என்று நேரில் போய்க் கேட்பது நல்லது. "துறைமுகத்துல வேலை வாங்கித் தர்றேன், சேவா நிதியில கொஞ்சம் கொடு" என்று வருகிற புரோக்கரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலையும் யாரிடமும் விட்டு வராதீர்கள். ஜெராக்ஸ் போதும். அசலை உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டியில் வையுங்கள்.