செயற்கைப் புல்லும் களிமண்ணும்



புல் என்பது மண்ணிலிருந்து முளைப்பது என்றே நாம் அறிவோம். ஆனால் ஆலையில் இழையிழையாகத் தைத்து, பாய்போலச் சுருட்டி, சதுர அடிக் கணக்கில் விற்கப்படும் புல்லும் இந்நாளில் உண்டு. தருமபுரியைச் சுற்றிப் புதிதாக எழும் குடியிருப்புகளில் வீடு கட்டும் நண்பர்கள் சிலர், 'வீட்டு முன்றிலில் செயற்கைப் புல் விரிக்கலாமா?' என்று என்னைக் கேட்பதுண்டு. அவர்களிடம் நான் புல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் மண்ணைப் பற்றியே பேசுவது வழக்கம். அதன் காரணத்தை இன்று விளக்க விரும்புகிறேன்.

செயற்கைப் புல் புகழ்பெற்ற வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965ஆம் ஆண்டு, கூரை வேய்ந்த பெரியதொரு விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஒளி புகும் கூரையின் கீழ் இயற்கைப் புல் வளர்த்தனர். கூரையின் கண்கூச்சத்தால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்கு வண்ணம் பூசினர். பந்து தெரிந்தது, ஆனால் ஒளியின்றிப் புல் மடிந்தது. 1966இல் அங்கே நைலான் இழைப் புல்லை விரித்தனர். 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பெயர் அவ்வரங்கின் பெயரை ஒட்டி எழுந்ததே. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கிப் போட்டிகள் முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் நடைபெற்றன. சென்னை எழும்பூரிலுள்ள மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கின் ஹாக்கித் தளமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இத்தகைய அரங்குகளில் தளத்தின் அடியில் பொறியாளர்கள் வகுத்த வடிகால் உண்டு. வீட்டு முன்றிலில் இருப்பதோ வெறும் மண். நம் மாவட்டத்தில் செம்மண் மிகுதி. எனினும் தாழ்ந்த நிலங்களிலும் ஏரிகளை ஒட்டிய மனைகளிலும் களி மிகுந்த மண்ணைக் காணலாம். களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. துகள்கள் நெருங்கிக் கிடப்பதால் நீர் எளிதில் இறங்காது. களியின் சில வகைகள் நீரை உண்டு பருக்கும். காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். மேலே விரித்த பாய் இவ்விரு செயலுக்கும் ஈடுகொடுக்க இயலாமல் மேடு பள்ளமாகிவிடும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். இருபது அடி நீளமும் பதினைந்து அடி அகலமும் உள்ள முன்றில் ஏறத்தாழ 28 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழும் நீர் 1,400 லிட்டர். களிமண் மணிக்கு 5 மில்லிமீட்டர் நீரை உறிஞ்சுவதாகக் கொண்டாலும் 140 லிட்டரே உள்ளே இறங்கும். எஞ்சிய 1,260 லிட்டருக்கும் நாம் வழிகாட்ட வேண்டும்.

ஆறு அங்குலம் தோண்டி ஜல்லி நிரப்பினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். களியில் வெட்டிய குழி ஒரு தொட்டியே ஆகும். நீர் வந்து தேங்குமேயன்றி வெளியேறாது. ஆதலின், குழியின் அடித்தரையே சாய்வாக அமைய வேண்டும். நூறு அடிக்கு ஓர் அடி என்ற சாய்வு கொண்டால், பதினைந்து அடிக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம் தாழும். இதை ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாயைப் பதிக்க வேண்டும். தரையின்மேல், நீரைப் போகவிட்டு மண்ணைத் தடுக்கும் 'ஜியோ டெக்ஸ்டைல்' துணியை விரிக்க வேண்டும். இன்றேல் களி மேலேறி ஜல்லியின் இடைவெளிகளை அடைத்துவிடும். அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி நான்கு அங்குல உயரமும், கால் அங்குல ஜல்லி ஓர் அங்குல உயரமும் பரப்பித் திமிசு போட்டு இறுக்கிய பின்னரே பாயை விரிக்கலாம். மண் ஈரமாக இருக்கும் நாளில் இவ்வேலையைத் தொடங்கலாகாது. மிதித்த களி சேறாகி, அடித்தரை உறுதி இழக்கும்.

இவ்வளவும் செய்த பின்னும் வெப்பம் என்னும் இடர் உண்டு. இயற்கைப் புல் தன் இலைகளின் வழியே நீரை ஆவியாக்குகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் செலவாகிறது. அதனாலேயே புல்தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. செயற்கைப் புல்லுக்கு இவ்வாற்றல் இல்லை. கோடை நண்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸையும் கடப்பதை அளந்து கண்டிருக்கிறார்கள். வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தீங்கன்றோ! மேலும் இழைகள் தேய்ந்து உதிரும் பிளாஸ்டிக் நுண்துகள்கள் மழைநீரோடு மண்ணிற் கலக்கின்றன. விளையாட்டுத் தளங்களின் இழைகளுக்கிடையே தூவப்படும் பிளாஸ்டிக், ரப்பர் நுண்மணிகளின் விற்பனையை 2031 முதல் தடைசெய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி வகுத்தது.

அப்படியாயின் செயற்கைப் புல்லே வேண்டாமா? நிழல் மிகுந்து எப்புல்லும் வளராத மூலைக்கு அது பயன்படலாம். வெயில் விழும் முன்றிலுக்கோ நம் அறுகம்புல்லே தகும். களிமண்ணோடு மணலும் மட்கிய எருவும் கலந்து நட்டால் அது வேரூன்றும். வறட்சியில் வாடினாலும் ஒரு மழைக்குப் பின் மீண்டும் தளிர்க்கும். முன்றிலில் வழியும் நீரைத் தெருவில் விடாமல் உறிஞ்சு குழிக்குத் திருப்புவதும் நன்று. தமிழகத்தில் கட்டடங்கள் யாவற்றிற்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் களிமண் மனையில் அக்குழி களியின் அடுக்கைத் தாண்டி ஆழ்ந்திருந்தால்தான் பயன் தரும்.

நண்பர்களே, நீங்களே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களியோ மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். உங்கள் வீட்டு மண் எவ்வகையது என்பதை அக்குப்பி காட்டிவிடும். அதன்பின், எந்தப் புல்லை விரிப்பது என்ற வினாவுக்கு உங்கள் பெற்றோரோடு அமர்ந்து விடை காணுங்கள்.