சீசன் ரிக்கற்: கதிரை யாருக்கு?

இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு சேர்த்துப் பாடமாக்குவது உதைபந்தாட்டக் கழகங்களின் பெயர்களைத்தான். ஆறு மாதத்துக்குள் வீட்டில் கேள்வி வந்துவிடும்: "அப்பா, நாங்களும் சீசன் ரிக்கற் எடுப்பமோ?" விலையைக் கேட்டுத் திகைக்காத தகப்பன்மார் குறைவு.

பிரிமியர் லீக் கழகம் ஒவ்வொன்றும் சொந்த மைதானத்தில் ஆண்டுக்கு 19 லீக் ஆட்டங்கள் ஆடுகிறது. அத்தனைக்கும் ஒரே கதிரை, பணம் முன்கூட்டியே. அதுதான் சீசன் ரிக்கற். வைத்திருப்பவர் வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டே போவார். பெரிய கழகங்களில் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீளும். புதிதாய் வந்த எங்களுக்கு வரிசையின் வால்தான்.

முன்னர் இப்படியில்லை. 1980களில் மைதானங்களின் பெரும்பகுதி நின்று பார்க்கும் படிக்கட்டுகளே. வேலைக்குப் போகும் ஓர் இளைஞன் சனிக்கிழமை மத்தியானம் நினைத்தால் சில பவுண்களோடு போய்விடலாம். 1989 ஏப்ரல் 15இல் ஷெபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் மாண்டார்கள். கடைசி ஒருவர் 2021இல் இறந்தார். விசாரணை நடத்திய நீதியரசர் ரெயிலர் 1990 ஜனவரி அறிக்கையில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றார். அதற்காக ஏழைகளால் கொடுக்கமுடியாதபடி விலையை ஏற்றத் தேவையில்லை என்றும் அதிலேயே எழுதினார். கிளாஸ்கோ இப்றொக்ஸ் மைதானத்தில் நிற்பதற்கு 4 பவுண், இருப்பதற்கு 6 பவுண் என்று உதாரணமும் காட்டினார். இருக்கைகள் வந்தன. மற்றதைக் கழகங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1989-90இல் மன்செஸ்ரர் யுனைற்றெட்டின் ஆகக்குறைந்த சீசன் ரிக்கற் 96 பவுண். 2010-11இல் அது 532 பவுண்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1988இல் கறுப்பின வீரர் ஜோன் பார்ன்ஸை நோக்கி வாழைப்பழம் எறிந்த மைதானங்கள் இவை. எங்களைப் போன்றவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக யோசித்ததில் வியப்பில்லை. 1991இல் கூட்டமாக இனவாதக் கோஷம் எழுப்புவது குற்றமாக்கப்பட்டது. 1993இல் இனவாதத்துக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. பயம் கொஞ்சம் குறைந்து வாசல் திறக்கையில், வாசலில் விலை நின்றது.

கிழக்கு லண்டனில் இதை நேரே காணலாம். வெஸ்ற்ஹாம் கழகம் 2016வரை ஆடிய அப்ரன் பார்க், எங்கள் கடைகள் நிறைந்த ஈஸ்ற்ஹாமுக்குப் பக்கத்தில். மைதானத்தைச் சுற்றிய கிறீன் ஸ்றீற்றில் சேலைக்கடையும் நகைக்கடையும். ஆட்டநாளில் வந்து இறங்கிய கூட்டமோ பெரும்பாலும் வெள்ளையர். பெற்றோர் காலத்தில் எசெக்ஸ் பக்கம் குடிபெயர்ந்தவர்கள். தெரு மாறிவிட்டது, கதிரை மாறவில்லை. வெள்ளையரில் வசதி குறைந்தவர்களுக்கும் இதே கதைதான். 1991இல் அதே கழகம், சீசன் ரிக்கற் வாங்கும் உரிமைக்கே நூற்றுக்கணக்கான பவுண் பத்திரம் வாங்கச் சொன்னபோது ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி மறித்தார்கள்.

கூச்சல் போட்டால் பலன் உண்டு. 2016 பெப்ரவரியில் 77 பவுண் ரிக்கற்றை எதிர்த்து, லிவர்பூல் ரசிகர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் 77ஆம் நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் கழகம் அந்த விலையைக் கைவிட்டது. அதே ஆண்டு ஸ்ராற்போட்டின் பெரிய மைதானத்துக்குப் போன வெஸ்ற்ஹாம், ஆகக்குறைந்த சீசன் ரிக்கற்றை 289 பவுணுக்கும், 16 வயதுக்குட்பட்டோருக்கு 99 பவுணுக்கும் விற்றது. நிரப்பவேண்டிய கதிரைகள் அதிகம், தொலைக்காட்சிப் பணமும் கொட்டியது. ஆனால் சலுகை நிலையானதல்ல. 2024 நவம்பரில் மன்செஸ்ரர் யுனைற்றெட், உறுப்பினருக்கு மிஞ்சியிருந்த ரிக்கற்றுகளைச் சிறுவர், முதியோர் என்ற கழிவின்றி 66 பவுண் ஆக்கியது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விடயம். தவணைமுறை என்று விளம்பரப்படுத்துவது சில கழகங்களில் கடன் நிறுவனமொன்றின் மூலமாகத்தான். கடன் வரலாறு பார்ப்பார்கள்; வந்து ஓரிரு வருடமே ஆனவரை மறுக்கக்கூடும். கையெழுத்திடுமுன் வட்டியைக் கேளுங்கள். பிள்ளைக்கு ஆட்டத்தைக் காட்டினால் போதுமென்றால் கீழ்ப்பிரிவுக் கழகங்களும், டகன்ஹாமில் ஆடும் வெஸ்ற்ஹாம் மகளிர் அணியும் இருக்கின்றன. அங்கே வரிசையும் சிறிது, விலையும் குறைவு.