குறட்டை கேட்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்

குடித்துவிட்டு வந்து படுத்தவர் மேல் அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் இரக்கம் பிறப்பதில்லை. "மட்டையாயிட்டாரு, விடு, காலையில பேசிக்கலாம்" என்று விளக்கை அணைத்துவிடுவார்கள். குறட்டை பக்கத்து அறை வரை கேட்கும். சத்தம் வருகிறது, ஆள் நன்றாகத்தான் தூங்குகிறார் என்று அதிலேயே ஒரு நிம்மதி. ஆனால் படுக்கும் முன் அவர் ஒரு தூக்க மாத்திரையும் போட்டிருந்தால், அந்தக் குறட்டைக்கு அர்த்தமே வேறு.

1967 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. பீட்டில்ஸ் இசைக்குழுவை உலகறியச் செய்த மேலாளர் பிரையன் எப்ஸ்டீன், லண்டன் வீட்டில் பூட்டிய படுக்கையறைக்குள் இறந்து கிடந்தார். வயது 32. குழுவினர் அப்போது மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் கற்க வேல்ஸுக்குப் போயிருந்தார்கள். தற்கொலையா என்ற பேச்சு எழுந்தது. விசாரணையோ அதை விபத்து என்று முடித்தது. தூக்கத்துக்காக வழக்கமாக விழுங்கிவந்த கார்பிட்ரால் மாத்திரை நாள்பட உடம்பில் சேர்ந்திருந்தது. அதனுடன் மதுவும் சேர்ந்துகொண்டது.

இந்த 'வழக்கமாக' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. "எனக்குப் பழகிப்போச்சு, ஒண்ணும் ஆகாது" என்பவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். பழகிப்போவது உண்மைதான். முன்பு ஒரு மாத்திரையில் வந்த தூக்கம், சில வாரம் போனால் இரண்டு கேட்கும். ஆனால் தூக்கத்துக்கு மூளை பழகுகிற அளவுக்கு, மூச்சை நடத்தும் பகுதி பழகுவதில்லை. தூங்கவைக்கும் அளவு ஏறிக்கொண்டே போகும். மூச்சை நிறுத்தும் அளவு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவில் இருக்கும் இடைவெளி, போட்டவருக்குத் தெரியாமலே சுருங்கிவிடுகிறது.

மதுவும் மாத்திரையும் மூளையில் ஒரே இடத்தில் கைவைக்கின்றன. நரம்பணுக்களின் மேல் காபா என்ற வேதிப்பொருளுக்கென்று நுண்ணிய வாசல்கள் உண்டு. காபா வந்து ஒட்டினால் வாசல் திறந்து குளோரைடு உள்ளே நுழையும். அந்த அணு சற்று நேரம் வாயடைத்துப் போகும். டயஸெபாம், அல்பிரசோலம் போன்ற இன்றைய மாத்திரைகள் இந்த வாசலை அடிக்கடி திறக்கவைக்கின்றன. எப்ஸ்டீன் காலத்து பார்பிட்யூரேட் மருந்துகள் திறந்த வாசலை நீண்ட நேரம் மூடவிடாமல் பிடித்துக்கொண்டன. புதிய மாத்திரைகள் காபா இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால் அவற்றின் வீரியத்துக்கு ஓர் எல்லை உண்டு. மருத்துவர்கள் நம்புகிற அந்த எல்லையைத்தான் மது உடைக்கிறது. அதே வாசலில் அதுவும் வந்து நிற்கிறது; போதாக்குறைக்கு, மூளையைத் தட்டி எழுப்பும் குளுட்டமேட்டின் வேலையையும் அடக்கிவிடுகிறது.

இப்போது அந்தக் குறட்டைக்கு வருவோம். தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்று போகிற வழி குறுகும்போது வருகிற ஓசை அது. சாதாரணத் தூக்கத்தில் மூச்சு அடைபட்டால் இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்; மூளையின் அடியிலுள்ள முகுளம் அதை உணர்ந்து உடம்பை உலுக்கும்; நாம் புரண்டு படுப்போம். மதுவும் மாத்திரையும் சேர்ந்த இரவில் முகுளமும் மயங்கிக் கிடக்கிறது. குறட்டை நடுவில் அறுந்து, பிறகு ஒரு திணறலுடன் தொடங்கும். மறுபடி அறும். வாந்தி வந்தால், அதை வெளியே தள்ளுகிற இருமல்கூட எழாது. 1970-இல் கிடார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் இறந்தது இப்படித்தான். தூக்க மாத்திரை மயக்கத்தில், எடுத்த வாந்தியே மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொண்டது. வயது 27.

"குடிச்சு மூணு மணி நேரமாச்சே, இப்போ மாத்திரை போட்டா என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 180 மில்லி குவார்ட்டரில், 42.8 சதவீதம் என்றால், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு பத்து மணிக்குக் குடித்தது விடிகாலையிலும் இரத்தத்தில் இருக்கும். டயஸெபாம் இன்னும் மெதுவாகப் போகிறது. பாதியாகக் குறையவே ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். நேற்றைய மாத்திரையும் இன்றைய மதுவும் சந்தித்துக்கொள்ள எவ்வளவோ நேரம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நினைவு பதிவதும் நின்றுபோகும் என்பதால், மாத்திரை போட்டதையே மறந்து இன்னொன்று போடவும் நேரும்.

சளிக்கும் அரிப்புக்கும் போடுகிற, தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளும், சர்க்கரை நோயாளிகள் கால் எரிச்சலுக்குப் போடும் பிரிகாபலினும் மதுவோடு சேர்ந்தால் இதே திசையில்தான் இழுக்கும். தூக்க மாத்திரையே தொடுவதில்லை என்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலர் மாத்திரைக்கு வருவதே மதுவால்தான். குடித்தால் சட்டென்று கண் சொக்கும். ஆனால் பின்னிரவில் போதை இறங்கும்போது தூக்கம் துண்டுதுண்டாகும். மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவர், தூக்கமின்மை நோய் என்று நினைத்து மாத்திரை தேடுகிறார். 2014 முதல் டயஸெபாம், அல்பிரசோலம், சோல்பிடெம் எல்லாம் எச்1 அட்டவணையில் உள்ளன. சீட்டைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதித்தான் மருந்துக்கடைக்காரர் கொடுக்க வேண்டும். மருத்துவரிடம் குடிப்பழக்கத்தை மறைத்து வாங்கிய சீட்டை எந்தப் பதிவேடு என்ன செய்யும்?

இரண்டையும் சேர்த்தே பல மாதம் பழகியவர் இதைப் படித்துவிட்டு இன்றே எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. தெலங்கானாவில் டயஸெபாமும் அல்பிரசோலமும் கலந்த கள்ளை விற்கும் கொடுமை நெடுநாளாக உண்டு. சோதனை கடுமையாகி அந்தக் கள் கிடைக்காமல் போனபோது, குடித்துப் பழகியவர்கள் வலிப்பும் பிதற்றலுமாக மருத்துவமனைகளில் வந்து விழுந்தார்கள். அடக்கிவைத்த மூளை திடீரென்று விடுபட்டால் அப்படித்தான் வெடிக்கும். மருத்துவர் மேற்பார்வையில், அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் வெளியே வர வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கு வழி உண்டு; 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்றிரவே உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் படுத்திருந்தால், பேர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைப் பிடித்து உலுக்குங்கள். கண் திறக்கவில்லை, குறட்டை விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் மல்லாக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்; மூச்சே இல்லையென்றால் 108-இல் சொல்கிறபடி மார்பை அழுத்தத் தொடங்குங்கள். மோரோ எலுமிச்சைச் சாறோ காபியோ வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வண்டி வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும். இன்னொருவர் சட்டைப் பை, தலையணை அடி, மேசை இழுப்பறை எல்லாம் தேடி அந்த மாத்திரை அட்டையை எடுத்து வைக்கட்டும். என்ன மாத்திரை, எத்தனை குறைகிறது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.