கமுந்திங்கில் இறங்கியவர் எழுதும் பயணக் கட்டுரை

தைப்பிங் போக விரைவு பஸ் ஏறினால் நீங்க இறங்குவது கமுந்திங்கில்தான். இதைப் பயணக் கையேடு சொல்லிவிடும். அடுத்த பஸ் வரும்வரை நீங்க பார்த்ததைச் சொல்லாது. அதை எழுதுவதுதான் பயணக் கட்டுரை, மாணவர்களே.

1879-இல் இசபெல்லா பேர்ட் சிங்கப்பூரில் திடீரென வந்த வாய்ப்பை ஏற்று, முன்திட்டமே இல்லாமல் மலாய் மாநிலங்களுக்குள் புகுந்தார். தைப்பிங்கிலிருந்து யானைமேல் கோலகங்சார் போனால், அங்கே ரெசிடென்ட் ஊரில் இல்லை. குரங்குகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்! தங்கைக்கு எழுதிய அந்தக் கடிதங்களே 1883-இல் நூலாயின.

தேர்வில் ‘அதிகாலையில் எழுந்து குளித்துக் கிளம்பினோம்’ என்று பாதிப் பக்கத்தைக் கரைக்காதீங்க. தைப்பிங் ஏரிப் பூங்கா பழைய ஈயச் சுரங்கம் என்பதற்கு ஒரு வரி போதும். மழையில் மாட்டி யார் கடை அஞ்சடியில் ஒதுங்கினீங்க, அவர் என்ன கேட்டார்? அதை எழுதுங்க.