5,000 அடிக் கோடு

லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனைப் பக்கம் அண்ணாந்து பார்த்தால், தேயிலை ஓரிடத்தில் நின்று கருங்காடு தொடங்குவதைக் காணலாம். அக்காடு எஞ்சியதற்கு ஒரு கடிதமும் காரணம்.

கோப்பிக்காக மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த 1873ஆம் ஆண்டில், கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடலாகாது என இலங்கை அரசுக்கு எழுதினார். அரசு செவிசாய்த்தது, ஹோர்ட்டன் சமவெளி பிழைத்தது. அந்த உயரங்களில் ஊறும் ஆக்ரா ஓயாவே நம் பக்கமாக இறங்கி, கொத்மலை ஓயாவுடன் மகாவலியைச் சேர்கிறது.

பின்னர் 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1988இல் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று.

ஆனால் சிறுத்தைக்கு (தோட்டத்தில் நாம் புலி என்றே சொல்வோம்) எல்லைக் கோடு ஏது? அது தேயிலைக்குள் இறங்குகிறது. காட்டுப்பன்றிக்கென வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அவ்வாறு சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் மாண்டது.

சிறுத்தையைக் கொல்வது குற்றமே. எனினும், லயத்தின் பின்னே ஒரு துண்டு மரக்கறித் தோட்டம் மட்டுமே உடையவன், பன்றி கிளறிப்போட்ட காலையில் எவரிடம் முறையிடுவான்? அழிந்த பயிருக்கு ஈடு கிடைக்குமென்று சட்டம் உறுதி சொல்லட்டும்; சுருக்கை அவனே அவிழ்த்துவிடுவான் என்பது என் எண்ணம்.