ஒரு நாளைக்கு இரண்டு அலகு

கடையில் ஒரு கிலோ சீனிக்கு எத்தனை ரூபாய் மிஞ்சும் என்று கேட்டால் நம்மில் எவரும் யோசிக்காமல் பதில் சொல்வோம். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை அலகு மின்சாரம் செலவாகிறது என்று கேட்டால் விழிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

றொசல்லயில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் மலைத் தண்ணீர் நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. அதற்காக எங்களுக்குத் தனி விலை கிடையாது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. பின்னர் சில தடவைகள் இறங்கி, 2025 ஜூனில் மீண்டும் 15 வீதம் கூடியது.

அந்த மாதப் பட்டியலைக் கண்டதும் வீட்டில் சத்தம் போட்டேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது என்றேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினாள்.

"வாப்பா, என் அறை பல்ப் 9 வொட். தினமும் நாலு மணித்தியாலம் எரித்தாலும் மாதம் முழுவதற்கும் ஒரு அலகுதான் வரும். உங்கட குளியலறை ஹீட்டர் 3,000 வொட். இருபது நிமிஷத்தில் ஒரு அலகு."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஹீட்டரைப் போட்டுவிட்டு வானொலிச் செய்தி கேட்டு முடித்த பிறகே குளிக்கப் போகிறவன் நான்.

எங்கள் குளிர்ப் பிரதேசத்தில் மின்விசிறிக்கு வேலையில்லை. பணத்தை விழுங்குவது சூடாக்கும் சாமான்கள். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.1 அலகு போகும். இரண்டு கோப்பை பிளேன்டிக்காகக் கேத்தலை நிரப்பி, நாளைக்குப் பத்துத் தடவை போட்டால் ஒரு அலகுக்கு மேல் போய்விடும்.

இனி 60 அலகு என்ற எல்லையைப் பாருங்கள். 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 30 நாளில் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகு 4.50 ரூபாய், அடுத்த 30 அலகு 8 ரூபாய், நிலையான கட்டணம் 210 ரூபாய். மொத்தம், வரி தவிர, 585 ரூபாய். ஒரு அலகு கூடி 61 ஆனால், முதல் 60 அலகும் 12.75 ரூபாய் வீதம் கணக்கிடப்படும். 61ஆவது அலகு 18.50, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,183.50 ரூபாய். அந்த ஒரு அலகின் உண்மையான விலை 598.50 ரூபாய்!

எங்கள் வீடு 74 அலகில் நின்றது. குளிக்கும் தண்ணீரை, எப்படியும் சோற்றுக்கு எரியும் விறகடுப்பிலேயே சுட வைத்தோம். கேத்தலில் தேவைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினோம். மிஞ்சிய சுடுநீர் ஃபிளாஸ்கிற்குப் போனது. உடுப்புகளை வாரத்தில் ஒரே நாளில் அயன் பண்ணினோம். ஃபிரிட்ஜ் கதவின் தளர்ந்த ரப்பரை மாற்றினோம். மகளின் விளக்கை மட்டும் தொடவில்லை.

அடுத்த முப்பது நாளில் 57 அலகு. 1,424 ரூபாய் 561 ஆனது. மிச்சம் 863 ரூபாய். என் கடையில் அந்தத் தொகையை இலாபமாகப் பார்க்க எத்தனை கிலோ சீனி நிறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கடையும் வீடும் ஒன்றாக இருப்பவர்கள் கடைக் குளிர்பெட்டியை வீட்டு இணைப்பில் பொருத்த வேண்டாம். வியாபாரத்துக்குக் கட்டண வகை வேறு. அது பிரச்சினையில் முடியும். வீட்டுக் கணக்கும் எல்லை தாண்டும்.

மீட்டர் பார்ப்பவர் சில நாள் பிந்தி வந்தாலும் பயமில்லை. நாட்களுக்கு ஏற்ப எல்லையும் கூடும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு அலகு என்று மனதில் வைத்தால் போதும். விலை மாறும்போது புதிய எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது தினமும் கடை திறக்கப் போகும்போது மீட்டர் எண்ணைக் கல்லாக் கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். அதற்கு அரை நிமிடம் போதும். கடைக் கணக்கு எழுதும் கைக்கு வீட்டுக் கணக்கு பாரமில்லை.