பாஸ்புக்கைக் காட்டாமலே வீடு வாங்கலாம்

"லோன் பார்ட்டியா, ரெடி கேஷா?" சென்னையில் வீடு பார்க்கக் கிளம்புகிறவரிடம் புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். வீடு பிடித்து, விலை பேச ஆரம்பித்ததும் அடுத்தது வரும். "ஓனர் கொஞ்சம் யோசிக்கிறார் சார். ஆறு மாச ஸ்டேட்மென்ட் மட்டும் வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க, நான் பேசி முடிச்சுடறேன்."

வேறு பார்ட்டி முந்திவிடுவாரோ என்ற பதற்றத்தில் பலரும் அனுப்பிவிடுகிறார்கள். ஃபைல் திறக்கவில்லை என்று பதில் வந்தால் பாஸ்வேர்டையும் கீழேயே தட்டிவிடுகிறார்கள். அந்த பாஸ்வேர்டில் பெரும்பாலும் பிறந்த தேதி ஏதோ ஒரு வடிவில் ஒளிந்திருக்கும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

அந்த ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைப் பொறுமையாக ஒருமுறை படித்துப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே முகவரி, செல்போன் எண், கணக்கு எண், கூடவே நாமினி பதிவாகியிருக்கிறதா இல்லையா என்ற விவரம். கீழே சம்பளம் எந்தக் கம்பெனியிலிருந்து எந்தத் தேதியில் வருகிறது என்பது. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெயர். ஸ்கேன் சென்டருக்குப் போன 4,500 ரூபாய், அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போன இன்னொரு தொகை. நகைக்கடனுக்குக் கட்டிய வட்டி. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் போகும் பணம். யுபிஐ வந்த பிறகு டீக்கடைக் கணக்குகூட அதில் ஏறிவிடுகிறது. வீட்டை விற்கிறவருக்கு இதில் எதுவுமே தேவையில்லை. புரோக்கருக்குச் சுத்தமாகத் தேவையில்லை.

அதற்காக விற்கிறவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய பயம் நியாயமானது. அக்ரிமென்ட் போட்டால் வீடு மாதக்கணக்கில் முடங்கும். அதற்குள் வாங்குகிறவருக்கு லோன் கிடைக்காமல் போனால் நல்ல விலைக்குக் கேட்ட வேறு ஆள் போயிருப்பார். இவரே இந்தப் பணத்தை நம்பி இன்னொரு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்திருக்கவும் கூடும். ஆகவே, "பணம் வருமா, சொன்ன தேதிக்கு வருமா?" என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. "உங்களிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது?" என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் நஷ்டம் உங்களுக்குத்தான். 80 லட்சத்துக்கு மேல் முடியாது என்று பேரம் பேசிக்கொண்டிருப்பவரின் கணக்கில் ஒரு கோடி கிடப்பதைப் பார்த்த பிறகு எந்த ஓனர் இறங்கி வருவார்?

கணக்கைப் போட்டுப் பார்த்தால் எதை நிரூபிக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். 80 லட்சத்துக்குக் கைமாறும் ஒரு பழைய ஃபிளாட். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் என்றால் சொத்து மதிப்பில் 80 சதவிகிதம்வரைதான் வங்கி தரலாம். அதாவது, அதிகபட்சம் 64 லட்சம். மீதி 16 லட்சம் நம் கைக்காசு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் என 7.20 லட்சம் தனி. இந்தச் செலவை வீட்டின் மதிப்போடு சேர்த்து வங்கி கடன் தராது. ஆக, விற்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டே இரண்டு: 64 லட்சம் லோன் வருமா, 23 லட்சத்துச் சொச்சம் கையில் இருக்கிறதா.

முதலாவதற்கு வங்கியின் முன் அனுமதிக் கடிதம் போதும். 'இன்-பிரின்சிபிள் சாங்ஷன்' என்று வங்கியில் கேட்டால் தெரியும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உங்கள் சம்பளத்துக்கு 90 லட்சம்வரை கிடைக்கும் என்றால், கடிதத்தில் 90 லட்சம் என்றே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். தேவையான 64 லட்சத்துக்கு மட்டும் விண்ணப்பித்து, அதே தொகைக்குக் கடிதம் வாங்குங்கள். இந்தக் கடிதம் சில மாதங்கள்தான் செல்லும். சொத்துப் பத்திரங்களை வங்கியின் வக்கீல் பார்த்த பிறகே முழு அனுமதி வரும் என்பதையும் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கைக்காசுக்கு என் கட்சி எளிமையானது. புதிதாக ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, வீட்டுக்கென ஒதுக்கிய தொகையை மட்டும் அதில் போட்டு வையுங்கள். யாராவது விடாப்பிடியாக ஸ்டேட்மென்ட் கேட்டால் அந்தக் கணக்கினுடையதைக் காட்டலாம். அதில் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் இருக்காது. கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களைத் தவிர மற்றதைக் கறுப்பாக அடித்துவிடுங்கள். எஃப்.டி. ரசீதைக் காட்டுவதென்றால் நாமினி பெயரையும் மறையுங்கள். நேரில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வந்தால் அதைவிட நல்லது.

வங்கியில் 'சால்வென்சி சர்டிஃபிகேட்' என்றும் ஒன்று உண்டு. இன்ன தொகைவரை இவரை நம்பலாம் என்று, பொறுப்பேற்காமல் வங்கி எழுதிக் கொடுக்கும் சான்று அது. கான்ட்ராக்டர்கள் டெண்டருக்காக வாங்குவார்கள். கட்டணம் உண்டு, மேனேஜர் கொஞ்சம் இழுத்தடிக்கவும் செய்வார். ஆனால், இருப்பு எவ்வளவு என்று சொல்லாமலே 'இருக்கிறது' என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான தாள் நம் ஊரில் கிடையாது. பேலன்ஸ் சர்டிஃபிகேட் அப்படியில்லை, கணக்கிலிருப்பதைப் பைசா சுத்தமாகச் சொல்லிவிடும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் டோக்கன் அட்வான்ஸை செக்காகக் கொடுங்கள். செக் பாஸானால் பாதிப் பேச்சு முடிந்தது. ரொக்கமாக வேண்டும் என்று ஓனர் கேட்டால், வீட்டு விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கே அதே அளவு அபராதம் விழும் என்று பக்குவமாக நினைவூட்டலாம்.

பான் எண்ணை மட்டும் மறைக்க முடியாது. விலை 50 லட்சத்தைத் தொட்டாலே வாங்குகிறவர் 1 சதவிகிதம் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும்; அந்தப் படிவத்தில் இரண்டு தரப்பு பானும் வேண்டும். ஆனால், அது பணம் கைமாறும்போது வரும் வேலை. வீட்டைச் சுற்றிப் பார்த்த அன்றே பான், ஆதார் ஜெராக்ஸைப் புரோக்கரின் ஃபைலில் சொருக வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டிய ஒரே இடம் கடன் தரும் வங்கி. அங்கும் வழி பார்த்துக் காட்ட வேண்டும். லோன் ஏஜென்ட்டின் சொந்த மெயிலுக்கு ஐ.டி. ரிட்டர்ன், ஃபார்ம் 16, ஸ்டேட்மென்ட் எல்லாம் போய்ச் சேர்ந்தால், அவை எத்தனை பேர் கைக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. வங்கியின் கிளையிலோ அதன் செயலியிலோ நேரடியாகக் கொடுங்கள். 2021 முதல் நடைமுறையில் இருக்கும் 'அக்கவுன்ட் அக்ரிகேட்டர்' வழி இன்னும் நல்லது. ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற இந்த நிறுவனங்கள் மூலம், எந்தக் கணக்கு, எத்தனை மாதம், எதற்காக என்று நாம் ஒப்புதல் தந்த விவரம் மட்டும் வங்கிக்குப் போகும். இடையில் இருக்கும் நிறுவனத்தால் அதைத் திறந்து படிக்க முடியாது. ஒப்புதலைப் பின்னர் ரத்தும் செய்யலாம்.

ஜெராக்ஸ்தான் கொடுக்க வேண்டும் என்றால், "இன்ன வங்கி வீட்டுக்கடனுக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதித் தேதி போடுங்கள். ஆதாரில் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த 'மாஸ்க்டு' பிரதியை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். சொந்தக் காரியத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் விவரம் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஓனரின் செல்போனில் கிடக்கும் உங்கள் ஸ்டேட்மென்ட்டை அழிக்கச் சொல்லி அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

கடைசிக் கட்டத்தில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டணம் கட்டி நகலும் வாங்கலாம். கிரயப் பத்திரத்தில் எழுதியது ஊருக்கே தெரிந்த மாதிரிதான். 2022-ல் ஆந்திரப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து கைரேகைகளைப் போலியாகச் செய்து, ஆதார் வழியாக வங்கிக் கணக்குகளில் பணம் எடுத்த கும்பலை சைபராபாத் போலீஸ் பிடித்தது. ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பத்திரப்பதிவு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதைச் செய்துவிடுங்கள்.

ஆவண எழுத்தர் தரும் வரைவை அச்சுக்குப் போகும் முன் வாங்கிப் படியுங்கள். பணம் கொடுத்த விவரத்துக்கு வங்கியின் பெயர், செக் அல்லது டிடி எண், தேதி, தொகை இருந்தால் போதும். உங்கள் கணக்கு எண் அதில் எங்காவது நுழைந்திருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். பதிவான பிறகு அதை எடுக்க வழியில்லை.